பயணத்துக்கு முன் உங்கள் போன் இ-சிம் ஏற்குமா என்று சோதிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இ-சிம் என்பது, அட்டையாகச் செருகாமல், போனுக்குள்ளேயே இருக்கும் சிப்பில் இணையம் வழியாக ஏற்றிக்கொள்ளும் சிம். இந்த விஷயத்தில் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். முதலில் பணம் கட்டித் திட்டத்தை வாங்கிவிடுகிறார்கள், பிறகுதான் போன் அதை ஏற்குமா என்று பார்க்கிறார்கள். நண்பர்கள், உறவினர்கள் என்று பலருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் செய்து கொடுத்திருக்கிறேன். சிக்கல் வந்த ஒவ்வொரு முறையும் காரணம் வரிசை மாறியதுதான்.

‘என் போனில் இ-சிம் வேலை செய்யுமா?’ என்பது ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் அதற்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. போனுக்குள் அதற்கான சிப் இருக்கிறதா? அந்தச் சிப்பைப் பயன்படுத்தப் போனின் மென்பொருள் அனுமதிக்கிறதா? போன் ஒரே நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டிருக்கிறதா? புதிய இணைப்புக்குப் போனில் இடம் இருக்கிறதா? நான்குக்கும் சரியான பதில் வந்தால்தான் இ-சிம் வேலை செய்யும். முதல் கேள்வியிலேயே ‘இல்லை’ என்று வந்துவிட்டால் மற்ற மூன்றையும் பார்க்கத் தேவையில்லை. கீழே உள்ள படிகளை அதற்கேற்பவே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

மெனுப் பெயர்களைப் போனில் ஆங்கிலத்தில் காணும் ஒலியிலேயே தந்திருக்கிறேன். போனைத் தமிழ் மொழிக்கு மாற்றி வைத்திருப்பவர்களுக்குப் பெயர் வேறாக இருக்கும், ஆனால் அது இருக்கும் இடம் மாறாது.

1. தொடங்கும் முன் தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை

புறப்படும் நாளுக்குப் பத்து நாள் முன்னதாகவே சோதித்துவிடுங்கள். சோதனைக்குக் கால் மணி நேரம் போதும். ஆனால் போன் பூட்டப்பட்டிருப்பது தெரியவந்தால் அதைத் திறந்து வாங்கச் சில நாட்கள் ஆகலாம். விமான நிலையத்தில் வைத்து அந்த வேலையை முடிக்க முடியாது.

நிலையான வைஃபை இணைப்பு வேண்டும். சிம் தட்டைத் திறக்கும் ஊசி வேண்டும். வேறொரு நிறுவனத்தின் சிம் அட்டை ஒன்றை வீட்டில் யாரிடமாவது சில நிமிடங்களுக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பூட்டுச் சோதனைக்கு அது தேவைப்படும்.

போனின் மென்பொருளை இப்போதே புதுப்பித்துவிடுங்கள். பழைய பதிப்பில் இ-சிம் மெனு தென்படாமல் போய், பிறகு புதுப்பித்ததும் தென்பட்ட போன்கள் உண்டு. புதுப்பிக்காமல் சோதித்தால், கிடைக்கும் ‘இல்லை’ உண்மையான ‘இல்லை’தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

2. *#06# அழுத்தி இஐடி எண்ணைத் தேடுங்கள்

போன் பேசும் செயலியைத் திறந்து, எண் பலகையில் *#06# என்று அழுத்துங்கள். அழைப்புப் பொத்தானைத் தொட வேண்டியதில்லை, கடைசி # விழுந்ததுமே திரையில் சில எண்கள் தோன்றும். இதற்கு இணையமோ சிம்மோ தேவையில்லை, செலவும் இல்லை.

அந்தப் பட்டியலில் நீங்கள் தேட வேண்டியது ‘இஐடி’ என்ற பெயருக்கு எதிரே இருக்கும் எண். அது 32 இலக்கங்கள் கொண்டது, 89 என்று தொடங்கும். இ-சிம் சிப்புக்கென்றே தரப்படும் அடையாள எண் என்பதால், அது இருந்தால் சிப் இருக்கிறது என்று பொருள். சில போன்களில் பட்டியலைக் கீழே நகர்த்தினால்தான் அது கண்ணில் படும். எனவே முதல் திரையில் காணோம் என்று உடனே மூடிவிடாதீர்கள்.

இங்கே மிக அதிகமாக நடக்கும் தவறு, ஐஎம்இஐ எண்ணை இஐடி என்று எண்ணிக்கொள்வது. ஐஎம்இஐ என்பது போனுக்கான அடையாள எண். அது 15 இலக்கங்கள் கொண்டது, எல்லா செல்போன்களிலும் இருக்கும். இரண்டு ஐஎம்இஐ எண்களைப் பார்த்துவிட்டு, ‘ஒன்று சாதாரண சிம்முக்கு, இன்னொன்று இ-சிம்முக்கு’ என்று முடிவு கட்டுபவர்கள் பலர். இரண்டு ஐஎம்இஐ என்றால் போன் இரண்டு இணைப்புகளைத் தாங்கும் என்று மட்டுமே பொருள். இரண்டு சிம் அட்டைகளைச் செருகும் சாதாரண போனிலும் அப்படித்தான் இருக்கும். சந்தேகம் வந்தால் இலக்கங்களை எண்ணிப் பாருங்கள்: 15 என்றால் ஐஎம்இஐ, 32 என்றால் இஐடி.

ஐபோனில் இதே எண்ணை செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்ற வழியிலும் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் அபவுட் ஃபோன் பகுதியில், சில மாடல்களில் அதற்குள் இருக்கும் ஸ்டேட்டஸ் பக்கத்தில் இருக்கும்.

ஒரு வேண்டுகோள். இந்தத் திரையைப் படம் எடுத்துக் குழுக்களில் போட்டு ‘எனக்கு இ-சிம் வருமா?’ என்று கேட்காதீர்கள். இவை உங்கள் போனின் அடையாள எண்கள், அறியாதவர்கள் கையில் போகக் கூடாதவை.

3. இ-சிம் சேர்க்கும் மெனு இருக்கிறதா என்று பாருங்கள்

இஐடி கிடைத்ததுமே பலர் சோதனையை நிறுத்திவிடுகிறார்கள். இஐடி சொல்வது சிப்பைப் பற்றி மட்டும்தான். சிப் உள்ளே இருந்தும், அந்தப் போன் எந்தச் சந்தைக்காகத் தயாரானதோ அங்கே இ-சிம் வசதி தரப்படாததால் மென்பொருள் அதை மூடி வைத்திருக்கலாம். அதனால்தான் மெனுவையும் பார்க்கச் சொல்கிறேன்.

ஐபோனில் செட்டிங்ஸுக்குள் செல்லுலார் என்றோ மொபைல் சர்வீஸ் என்றோ இருக்கும் பகுதியைத் திறந்து, ‘ஆட் இ-சிம்’ என்ற வரியைத் தேடுங்கள். சாம்சங் போனில் செட்டிங்ஸ், கனெக்‌ஷன்ஸ், சிம் மேனேஜர் என்று போனால் அங்கே ‘ஆட் இ-சிம்’ இருக்கும். கூகுள் பிக்சலில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதற்குள் சிம்ஸ். மற்ற நிறுவனங்களின் போன்களில் மெனு வெவ்வேறு இடங்களில் இருப்பதால், செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் சிம் என்று தேடுவதே சுலபம்.

அந்த வரியைத் தொட்டு ஒரு படி உள்ளேயும் போய்ப் பாருங்கள். கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொல்லும் திரை வந்தால் போன் தயாராக இருக்கிறது. அங்கிருந்து பின்வாங்கி வெளியே வந்துவிடலாம். குறியீடு எதையும் காட்டாதவரை எதுவும் மாறாது. இதைத் தொடவே அஞ்சி, மெனுவின் பெயரைப் பார்த்ததோடு நின்றுவிடுபவர்கள் உண்டு, அஞ்ச வேண்டியதில்லை.

இஐடி இருக்கிறது, மெனு இல்லை என்ற நிலை வந்தால் போனை ஒருமுறை அணைத்து இயக்கிப் பாருங்கள். அலுவலகம் கொடுத்த போன் என்றால், நிர்வாகக் கட்டுப்பாட்டின் வழியாக இ-சிம் சேர்ப்பதை நிறுவனமே தடுத்திருக்கலாம். அங்குள்ள கணினிப் பிரிவிடம் கேளுங்கள். இவை எதுவும் காரணமில்லை என்றால் அந்தப் போனை ‘இ-சிம் ஏற்காதது’ என்றே கொள்ளுங்கள். பிறகு சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் பணம் கட்டாதீர்கள்.

4. மாடல் பெயரை நம்பாதீர்கள், மாடல் எண்ணைப் பாருங்கள்

இரண்டாம், மூன்றாம் படிகள் இரண்டிலும் ‘ஆம்’ என்று வந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டி ஐந்தாம் படிக்குப் போகலாம். பதில்கள் முரண்பட்டவர்களும், பயணத்துக்காகப் புதிதாகவோ பழையதாகவோ போன் வாங்கப் போகிறவர்களும் இதைக் கவனமாகப் படியுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் ‘இ-சிம் ஏற்கும் போன்கள்’ பட்டியல்கள் மாடல் பெயரோடு நின்றுவிடுகின்றன. ஆனால் ஒரே பெயரில் வெவ்வேறு நாடுகளுக்கென்று வெவ்வேறு வடிவங்கள் தயாரிக்கப்படுகின்றன. வெளித்தோற்றம் ஒன்றுதான், உள்ளே இருப்பது வேறு.

ஐபோனை எடுத்துக்கொள்வோம். 2018இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்எஸ் மேக்ஸ், எக்ஸ்ஆர் முதல் இ-சிம் வசதி இருக்கிறது. ஆனால் சீனப் பெருநிலத்தில் விற்கப்பட்ட ஐபோன்களில் இ-சிம் இல்லை, பலவற்றில் இரண்டு சாதாரண சிம்களுக்கு இடம் இருந்தது. 2025இல் வந்த ஐபோன் ஏர்தான் அங்கே விதிவிலக்கு. ஹாங்காங், மக்காவ் வடிவங்களிலும் பல மாடல்கள் இரட்டைச் சிம் தட்டோடு வந்தவை. 12 மினி, 13 மினி போன்ற சிலவற்றில் மட்டும் இ-சிம் இருந்தது. இதற்கு நேர் எதிராக, அமெரிக்காவில் விற்கப்பட்ட ஐபோன் 14 முதலான மாடல்களில் சிம் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும்தான். ஆக, ‘ஐபோன் 14’ என்ற பெயரை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

சாம்சங்கில் 2020இன் கேலக்ஸி எஸ்20 வரிசை முதல் இ-சிம் பரவலாக வந்தது. அதே குடும்பப் பெயரைக் கொண்ட எஸ்20 எஃப்இ மாடலில் அது இல்லை. தென் கொரியாவில் விற்கப்பட்ட எஸ்20, எஸ்21 போன்களிலும் இல்லை. அங்கே 2022இல் வந்த மடிப்பு போன்களில் இருந்துதான் தொடங்கியது. கூகுள் பிக்சல் 3 மாடலில் வசதி உண்டு என்று பட்டியல்கள் சொல்லும், ஆனால் ஆஸ்திரேலியா, ஜப்பான், தைவான் ஆகிய இடங்களில் விற்கப்பட்ட பிக்சல் 3இல் அது கிடையாது.

மாடல் எண்ணைப் பார்க்கும் வழி எளிது. ஐபோனில் அபவுட் பக்கத்தில் ‘மாடல் நம்பர்’ என்ற வரியைப் பாருங்கள். முதலில் தெரிவது விற்பனைக்கான எண். அது சிஎச்/ஏ என்ற ஆங்கில எழுத்துகளில் முடிந்தால் சீனப் பெருநிலத்துக்கான போன். அதே வரியை ஒருமுறை தொட்டால் ஏ என்று தொடங்கும் இன்னோர் எண் வரும், தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் தேட வேண்டியது அதைத்தான். ஆண்ட்ராய்டில் அபவுட் ஃபோன் பகுதியில் இருக்கும் முழு மாடல் எண்ணை, கடைசி எழுத்து வரை விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். எந்தச் சந்தைக்கான வடிவம் என்பது பெரும்பாலும் அந்தக் கடைசி எழுத்துகளில்தான் இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த போன், கைமாறி வந்த போன் இரண்டிலும்தான் இந்தச் சிக்கல் அதிகம். கைமாறும் போனை வாங்கும்போது, பணம் கொடுக்கும் முன்பே *#06# அழுத்திப் பாருங்கள். விற்பவர் தயங்கினால் அந்தப் போனை விட்டுவிடுங்கள்.

5. போன் பூட்டப்பட்டிருக்கிறதா என்று சோதியுங்கள்

தவணையிலோ திட்டத்தோடு சேர்த்தோ வாங்கிய போன்கள் பல, விற்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சிம்மை மட்டுமே ஏற்கும்படி பூட்டப்பட்டிருக்கும். சிப்பும் மெனுவும் இருந்தாலும் இந்தப் பூட்டு உங்கள் பயண இ-சிம்மை நிறுத்திவிடும். நான்கு கேள்விகளில் மக்கள் மறந்துபோவது இதைத்தான், பண நட்டமும் இதில்தான் அதிகம்.

ஐபோனில் அபவுட் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் ‘கேரியர் லாக்’ என்று ஒரு வரி இருக்கும். அதற்கு எதிரே ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று இருந்தால் பூட்டு இல்லை. வேறு எது இருந்தாலும் பூட்டு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டில் எல்லா போன்களுக்கும் பொதுவான ஒரே வரி கிடையாது. கடன் வாங்கி வைத்த வேறு நிறுவனச் சிம்மைச் செருகிப் பாருங்கள். சிக்னல் வந்து, ஓர் அழைப்பும் போனால் பூட்டு இல்லை. பூட்டுத் திறக்கும் எண்ணைக் கேட்டாலோ, சிம்மை ஏற்க முடியாது என்று அறிவிப்பு வந்தாலோ பூட்டு இருக்கிறது. எண்ணைக் கேட்கும் திரையில் ஊகித்து எதையும் அடிக்காதீர்கள். பல முறை தவறானால் போன் அந்த வழியையே மூடிவிடக்கூடும்.

‘என் சிம் நன்றாக வேலை செய்கிறதே, பூட்டு எப்படி இருக்கும்?’ என்று கேட்பார்கள். பூட்டிய நிறுவனத்தின் சிம்மே உள்ளே இருந்தால் நன்றாகத்தான் வேலை செய்யும். அந்தச் சிம்மை வைத்துப் பூட்டைக் கண்டுபிடிக்க வழியில்லை.

பூட்டைத் திறந்து தர வேண்டியது அதைப் போட்ட நிறுவனம்தான். தவணை முடிந்திருக்க வேண்டும், குறிப்பிட்ட காலம் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் வைப்பார்கள். விண்ணப்பித்துவிட்டுக் காத்திருங்கள். முன்பின் தெரியாத இணையதளங்களில் பணம் கட்டித் திறக்க முயல வேண்டாம்.

6. புதிய இணைப்புக்கு இடம் இருக்கிறதா?

இ-சிம் ஏற்கும் போனிலும் ஒரே நேரத்தில் இயங்கும் இணைப்புகள் பெரும்பாலும் இரண்டுதான். ஐபோன் 13 முதல் இரண்டு இ-சிம்களை ஒரே நேரத்தில் இயக்கலாம், எட்டோ அதற்கு மேலோ சேமித்து வைக்கலாம். அதற்கு முந்தைய மாடல்களில் ஒரு சாதாரண சிம், ஒரு இ-சிம் என்ற கணக்கு. பல ஆண்ட்ராய்டு போன்களில் இரண்டாவது சிம்மின் இடத்தையே இ-சிம்மும் பகிர்ந்துகொள்ளும். இரண்டு அட்டைகளும் செருகியிருந்தால் ஒன்றை நிறுத்தினால்தான் இ-சிம் இயங்கும். பயணத்தின்போது எந்த எண்ணை நிறுத்தி வைப்பது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். வங்கியின் ஓடிபி வரும் எண் இயங்க வேண்டும்.

உங்கள் சொந்த எண்ணே இ-சிம்மாக இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: இடம் ஒதுக்குவதற்காக அதை நீக்கிவிடாதீர்கள். ‘டர்ன் ஆஃப்’ என்பது வேறு, ‘டெலீட்’ என்பது வேறு. நிறுத்தி வைத்ததை எப்போது வேண்டுமானாலும் மீண்டும் இயக்கலாம். நீக்கியதை உங்கள் நிறுவனத்திடம் கேட்டுத்தான் திரும்பப் பெற வேண்டும். அதற்கான ஓடிபியை அதே எண்ணுக்கு அனுப்புவார்கள், அந்த எண்ணோ உங்களிடம் இருக்காது. வெளிநாட்டில் நின்றுகொண்டு இந்தச் சுழலில் சிக்கிய ஒருவரோடு நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு பொத்தான் செய்த வேலை அது.

7. வாங்கும் முன் படிக்க வேண்டிய சில வரிகள்

இ-சிம் விற்பவரின் இணையப் பக்கத்தில் இருக்கும் போன் பட்டியலில் உங்கள் மாடலைத் தேடுங்கள். பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்க நேர்ந்தால் அவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

பயண இ-சிம்களில் பல, இணையத்துக்கு மட்டுமானவை. அழைப்புக்கான எண் அவற்றில் வராது. செல்லுபடிக் காலம் எப்போது தொடங்குகிறது என்றும் பாருங்கள். சில திட்டங்களில் போனில் ஏற்றியவுடன் நாள் கணக்கு ஓடத் தொடங்கும், சிலவற்றில் போய்ச் சேர்ந்த நாட்டின் நெட்வொர்க்கோடு இணைந்த பிறகுதான் தொடங்கும். இரண்டாவது வகை என்றால் முன்னதாகவே வீட்டில் ஏற்றிவிடலாம், முதல் வகை என்றால் வீட்டை விட்டுப் புறப்படும் சமயத்தில் ஏற்றுங்கள்.

போகும் நாட்டின் நெட்வொர்க் பயன்படுத்தும் அலைவரிசைகளை உங்கள் போன் தாங்குமா என்பதையும் மாடல் எண்ணை வைத்துச் சரிபார்க்கலாம். அண்மை ஆண்டுகளின் உயர் ரகப் போன்களில் இது அரிதாகவே தடையாகிறது. ஒரே சந்தைக்கென்று தயாரான மலிவு விலைப் போன் என்றால் கட்டாயம் பாருங்கள்.

8. வீட்டு வைஃபையிலேயே ஏற்றிவிடுங்கள்

இ-சிம்மை ஏற்ற இணையம் வேண்டும். இறங்கியதும் இணையம் கிடைக்க வேண்டும் என்றுதான் இ-சிம்மே வாங்குகிறோம், அதை ஏற்றும் வேலையை இறங்கிய பிறகு வைத்துக்கொண்டால் விமான நிலைய வைஃபையை நம்பி நிற்க நேரிடும்.

கியூஆர் குறியீடு மின்னஞ்சலில் வரும். அதே போனில் திறந்துவிட்டு, எதை வைத்து ஸ்கேன் செய்வது என்று திகைப்பவர்கள் ஏராளம். கணினியிலோ இன்னொரு போனிலோ திறந்து ஸ்கேன் செய்யுங்கள். ஐபோனில், அதன் மென்பொருளான ஐஓஎஸ்ஸின் 17.4 பதிப்பு முதல், திரையில் இருக்கும் குறியீட்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்தாலே சேர்க்கும் வாய்ப்பு வரும். எதுவும் நடக்காவிட்டால், மின்னஞ்சலில் குறியீட்டுக்குக் கீழே எழுத்தாகத் தந்திருக்கும் முகவரியையும் செயலாக்க எண்ணையும் கையால் உள்ளிடலாம்.

பெரும்பாலான குறியீடுகள் ஒருமுறைதான் பயன்படும். பாதியில் போனை அணைக்காதீர்கள். சோதித்துப் பார்ப்பதற்காக இன்னொருவர் போனில் ஸ்கேன் செய்யாதீர்கள். ஏற்றிய பிறகு சிக்னல் வரவில்லையே என்று நீக்கிவிட்டு மறுபடி முயலாதீர்கள். போகும் நாட்டுக்கான இ-சிம் வீட்டில் சிக்னல் காட்டாமல் இருப்பது இயல்பு.

ஏற்றி முடித்ததும் அந்த இணைப்புக்குப் ‘பயணம்’ என்று பெயரிடுங்கள். இரண்டு இணைப்புகளும் ஒரே மாதிரிப் பெயரில் இருந்தால் அவசரத்தில் தவறானதைத் தொட்டுவிடுவோம். அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் இயல்பான இணைப்பாகச் சொந்த எண்ணையே விட்டுவையுங்கள். வாட்ஸ்அப் எண்ணை மாற்றவா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள்.

9. ‘இல்லை’ என்று பதில் வந்தால்

வேறு போன் வாங்க உடனே ஓடாதீர்கள். பூட்டு இல்லாத போன் என்றால், போகும் நாட்டில் சாதாரணச் சிம் அட்டையை வாங்கிச் செருகலாம். கூட வருபவரின் போன் இ-சிம் ஏற்கும் என்றால் அவருடைய ஹாட்ஸ்பாட்டில் இணைந்துகொள்ளலாம், திட்டம் அதை அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். போன் பூட்டப்பட்டிருந்து, திறக்கவும் நேரமில்லை என்றால் உங்கள் நிறுவனத்தின் ரோமிங் திட்டம்தான் மிச்சம். புறப்படும் முன்பே அதை இயக்கிவிடுங்கள்.

10. இறங்கியதும்

விமானப் பயன்முறையை நீக்குவதற்கு முன், சொந்த எண்ணின் டேட்டா ரோமிங் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். எதிர்பாராத கட்டணம் அந்த வழியாகத்தான் வரும். மொபைல் டேட்டாவுக்கான இணைப்பாகப் ‘பயணம்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மட்டும் டேட்டா ரோமிங்கை இயக்குங்கள். ரோமிங் என்ற சொல்லைக் கண்டு அஞ்சி அதையும் அணைத்து வைத்துவிட்டு, ‘சிக்னல் இருக்கிறது, இணையம் வரவில்லை’ என்று தவிப்பவர்கள் பலர். பயண இ-சிம்களில் பெரும்பாலானவை அந்த நாட்டு நெட்வொர்க்கில் ரோமிங் முறையில்தான் இயங்குகின்றன. அதற்கான கட்டணம் நீங்கள் வாங்கிய திட்டத்திலேயே அடங்கியிருக்கிறது.

ஐபோனில் ‘அலவ் செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்’ என்ற வசதியையும் அணைத்துவிடுங்கள். அது இயங்கினால், பயண இணைப்பில் சிக்னல் குறையும்போது போன் தானாகவே சொந்த எண்ணின் இணையத்துக்குத் தாவக்கூடும்.

சில நிமிடங்கள் பொறுத்தும் இணையம் வராவிட்டால் போனை ஒருமுறை அணைத்து இயக்குங்கள். பிறகும் இல்லையென்றால், விற்பவர் அனுப்பிய மின்னஞ்சலில் ஏபிஎன் (போன் இணையத்தோடு இணையும் வழியைக் குறிக்கும் அமைப்பு) பெயர் ஏதும் தந்திருக்கிறார்களா என்று பார்த்து, அதை அப்படியே உள்ளிடுங்கள். கடைசியாக, நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியில் இருந்து மாற்றி, திட்டத்தில் குறிப்பிட்டிருக்கும் நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுங்கள். அந்த மின்னஞ்சலை இணையம் இல்லாமலும் திறக்க முடியும்படி, புறப்படும் முன்பே போனில் படமாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.